காரைக்குக் காம்பிடைச் செதில்

அண்ணாச்சி, நம் செடிக் கையேட்டில் 'இன்டர்பீட்டியோலார் ஸ்டிப்யூல்' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக 'கணுச்செதில்' எனக்கு ஒப்பவில்லை. கணுவில் இலை இருக்கிறது, முள் இருக்கிறது, மொட்டும் இருக்கிறது. செதில் அதில் எந்த இடம் என்பதைச் சொல் காட்ட வேண்டாமா? இன்டர்பீட்டியோலார் ஸ்டிப்யூல் என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு காம்புகளுக்கு நடுவே, தண்டை ஒட்டி இருக்கும் சின்ன முக்கோணம். வீட்டு இட்லிப்பூச் செடியிலேயே பார்க்கலாம். ஸ்டிப்யூலுக்கு 'இலையடிச் செதில்' ஏற்கெனவே உண்டு. அதோடு இன்னொன்றையும் ஒட்டி 'இலைக்காம்பிடை இலையடிச் செதில்' என்றால் பொருள் சரி, சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். 'காம்பிடைச் செதில்' போதும்.

சொல் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் களக்காடு, மணிமுத்தாறு மலையடிவாரப் புதர்க்காட்டில் செடியை அடையாளம் காண நிற்பவருக்கு. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் காரை, களா என்ற இரண்டு முட்புதர்களும் ஒன்றுபோலத் தழைத்திருக்கும். இரண்டுக்கும் எதிரிலை, இரண்டுக்கும் முள். பழம் இருந்தால் குழப்பமில்லை: காரை மஞ்சள், களா கறுப்பு. பழம் இல்லையா, இலையைக் கிள்ளுங்கள், களாவில் பால் வரும். காம்பிடைச் செதிலும் களாவுக்குக் கிடையாது.

பங்குனி வெயிலில் கதை வேறு. களா பச்சையாகவே இருக்க, காரை இலையைக் கொட்டிவிட்டு முள்ளும் குச்சியுமாக நிற்கும். கைவில்லையை (சிறு உருப்பெருக்கியை) இளங்குச்சியின் கணுவில் வைத்தால், காம்பு உதிர்ந்த இரண்டு தழும்புகளையும் இணைத்து, செதில் உதிர்ந்த ஒரு மெல்லிய கோடு தெரியும். செடி, இந்தச் செதில் உள்ள காப்பிக் குடும்பத்துக் காரை என்பதற்கு அப்போது கிடைக்கும் நல்ல தடயம் அதுதான். ஆகவே அந்தக் கோட்டுக்கும் தனிப்பெயர் தேவை. 'செதில்வடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் வடு என்றால் ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வரும்! 'செதில் தழும்பு' என்கிறேன். புணர்த்தி எழுதினால் 'செதிற்றழும்பு' ஆகும். இலக்கணப் புலவர்கள் பொறுத்தருளி, பிரித்தே எழுத விடுங்கள்.

ஒன்று மட்டும் கையேட்டில் சேர்க்க வேண்டும். மருக்காரையும் இதே குடும்பம், அதற்கும் முள், அதற்கும் இந்தச் செதில். காரையா மருக்காரையா என்ற கேள்விக்கு இந்த இரண்டு சொல்லும் உதவாது. மருக்காரையின் பூ வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக மாறும். காயின் தலையில் புல்லிவட்டம் (பூவின் வெளிவட்டம்) கிரீடம் மாதிரி ஒட்டியிருக்கும். பூவோ காயோ பார்க்கும்வரை 'காரை வகை' என்று குறித்துவைத்தால் போதும்.