மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும்: ஒரே ஆள் வரைந்தது, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கடற்கரை நடை:
தினமும் காலையில் காமராஜர் சாலையில் நடக்கிறேன். மாநிலக் கல்லூரி இத்தாலிய பாணி என்கிறார்கள். வாலாஜா சாலையைத் தாண்டினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், கும்மட்டமும் கோபுரமுமாக வேறு உலகம். இரண்டையும் வரைந்தவர் ராபர்ட் சிஷோம். கல்லூரி 1870, செனட் ஹவுஸ் 1874-79. சில வருஷத்தில் ஒரு மனிதரின் கை இப்படியா மாறும்? இன்னொன்று: அம்மா வேலை பார்க்கும் தாலுகா அலுவலகத்தில் புதுக் கட்டடம் மதியம் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. அதையும் அரசுதானே கட்டியது?

பழைய ஏ.இ.:
பொதுப்பணித்துறையில் 31 வருஷம் இருந்தவன். சொல்கிறேன் தம்பி.

சிஷோம் சென்னை அரசாங்கத்தின் கட்டடக் கலைஞர். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவுக்கு இந்த நாட்டுக் கட்டடங்கள்மேல் பெரிய பிரியம். திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க வைத்தவர் அவர்தான். அந்த வேலை சிஷோமிடம் வந்தது. அந்தத் தூண்களையும் வளைவுகளையும் அளந்து பார்த்த கை, அப்புறம் பழையபடி வரையுமா? அதோடு 1855-இல் ஆர்க்காட்டு நவாப் பட்டம் போய், சேப்பாக்கம் மாளிகை அரசின் கைக்கு வந்திருந்தது. நவாபின் இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நவாபின் பாணியும் தேவைப்பட்டது.

ஆனால் ஆளுநரின் ரசனை முகப்போடு சரி. உள்ளே போனால் நம் கொத்தனார்கள்தான். மெட்ராஸ் டெரஸ் என்கிற அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கூரை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தேக்கு விட்டத்தின்மேல் சன்னச் செங்கலைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாக வரிசை கட்டுவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் பெண்கள் மரக்கட்டையால் தட்டுவார்கள். தட்டும் சத்தம் 'தொப் தொப்' என்பது மாறி 'டங்' என்று கேட்டால்தான் மேஸ்திரி ஓடு பதிக்க விடுவார். அந்தக் கூரையும் உயரமான சுவரும்தான் மதிய வெயிலைத் தாங்கின.

உங்கள் அம்மாவின் அலுவலகத்துக்கு வருவோம். அங்கே ஆளுநர் இல்லை, எந்த வேலைக்கு எவ்வளவு என்று துறை வைத்திருக்கும் ரேட் பட்டியல்தான். ஒரு மாவட்டத்தில் பழைய அரசுக் கச்சேரிக் கட்டடத்தின் கூரையைச் சுண்ணாம்பிலேயே பழுதுபார்க்க நான் எஸ்டிமேட் போட்டேன். பட்டியலில் அதற்கு ரேட் இல்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை கான்கிரீட் என்று எழுதினேன், உடனே கையெழுத்தானது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சேப்பாக்கம் மாளிகையில் 2012-இல் தீப்பிடித்த கலஸ் மகால் பகுதியைத் துறையே சுண்ணாம்பில் மீட்டுக் கட்டியது பெரிய ஆறுதல். இப்போது அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது.

வாலாஜா:
சுதந்திரத்துக்குப் பிறகும் இதே கதைதான் ஐயா. பெங்களூரு சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா, அப்போதைய முதலமைச்சர் கெங்கல் அனுமந்தையாவின் பிடிவாதம். திராவிடப் பாணி, கருங்கல், 1956-இல் முடிந்தது. நம் வள்ளுவர் கோட்டம் 1976, கணபதி ஸ்தபதி கைவண்ணம். யார் ஆள்கிறார்களோ அவர்கள் எதை நம் பெருமை என்று நினைத்தார்களோ, அது கல்லில் நிற்கிறது. எனக்கு வள்ளுவர் கோட்டத் தேர் ரொம்பப் பிடிக்கும்.

கடற்கரை நடை:
நன்றி ஐயா. அம்மாவிடம் கேட்டேன். புது அலுவலகத்துக்குப் பின்னால் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று ஆவணக் காப்பறையாக இன்னும் இருக்கிறதாம். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் டிபன் பாக்ஸோடு அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போவார்களாம்.