ராஜு சித்தப்பா ஏறினால் சக்கரம் சாயுமா?

கார்த்திக்: சனிக்கிழமை ஸ்காட்லாந்து ஃபால்கிர்க் சக்கரத்தில் படகு டிக்கெட் போடுகிறேன். யார் யார் வருகிறீர்கள்? இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

வசந்தி அத்தை: ராட்டினமா?

கார்த்திக்: அந்த மாதிரிதான் அத்தை. படகையே தூக்கும். கீழ்க் கால்வாயிலிருந்து மேலே 24 மீட்டர்.

அம்மா: பாதியில் தலைகீழாகிவிடாதா?

கார்த்திக்: ஆகாதம்மா. நடுவில் சுற்றாத பல்சக்கரம், படகு மிதக்கும் தொட்டியில் அதே அளவில் ஒன்று, இடையில் சின்னது. சக்கரம் சுற்றச் சுற்ற இவை தொட்டியை எதிர்ப்பக்கம் திருப்பும். தொட்டி கவிழாது.

வசந்தி அத்தை: ராஜு அண்ணன் ஏறினால்? 😂 மண்டப லிஃப்ட் ஞாபகம் இருக்கிறதா?

ராஜு சித்தப்பா: அன்று பெட்டியெல்லாம் உன்னுடையது.

பெரியப்பா: கவனியுங்கள். சக்கரத்தின் இரண்டு கையிலும் ஒவ்வொரு தொட்டி. இரண்டிலும் ஒரே மட்டம் தண்ணீர். படகு உள்ளே வரும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரைக் கால்வாய்க்கே தள்ளிவிடும். ஆர்க்கிமிடீஸ். படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டி சுமார் 250 டன். ராஜு ஏறினால் படகு கொஞ்சம் அமிழும், அவன் எடைக்குத் தண்ணீர் வெளியே போகும், அவ்வளவுதான். இரு பக்கமும் சமம் என்பதால் அரைச் சுற்றுக்கு 1.5 யூனிட் கரண்ட் போதும்.

திவ்யா: தொட்டிக் கதவை மூடிய பிறகு சித்தப்பா வெளியிலிருந்து உள்ளே குதித்தால்?

பெரியப்பா: நல்ல கேள்வி. அப்போது எடை கூடும். ஆனால் 250 டன்னுக்கு முன்னால் அவன் கொசு.

ராஜு சித்தப்பா: அண்ணன் வாயால் கொசு! யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பெரியம்மா: இங்கே வாளியில் தண்ணீர் வழிய வழிய ஊற்றி, என் குக்கரை மிதக்கவிட்டு, எடைமெஷினில் வைத்துப் பார்க்கிறார். சமையலறை முழுக்க ஈரம்.

பெரியப்பா: முன்பும் 14.2 கிலோ, இப்போதும் 14.2 கிலோ!!

அப்பா: நீங்களும் வந்திருக்கலாம் அண்ணா.

பெரியப்பா: கூப்பிட்டது யார்?

பெரியம்மா: முட்டி வலி என்றது யார்?

அப்பா: 🙏

பெரியப்பா: இங்கிலாந்தில் ஆண்டர்டன் என்று ஒரு படகு லிஃப்ட், 1875. ஹைட்ராலிக், தண்ணீர் அழுத்தத்தில் பிஸ்டன் தூக்கும். ரசாயனம் கலந்த கால்வாய்த் தண்ணீரையே உள்ளே விட்டார்கள். பிஸ்டன் அரித்துப்போய் 1908இல் மின்மோட்டாருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

ராஜு சித்தப்பா: பழைய வீட்டு மோட்டார் மாதிரி.

வசந்தி அத்தை: அதற்கு நான் கொடுத்த பணம் இன்னும் வரவில்லை.

அப்பா: அதை அப்புறம் பேசலாம்.

வசந்தி அத்தை: எட்டு வருடமாக அப்புறம்தான்.

கார்த்திக்: டிக்கெட்??

ராஜு சித்தப்பா: நான் ரெடி.

அம்மா: நான் கீழே நின்றே பார்த்துக்கொள்கிறேன்.

வசந்தி அத்தை: ஞாயிறு என்றால் வருவேன்.

அப்பா: அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

திவ்யா: அம்மா இப்போதுதானே சொன்னார்கள் 🤦

பெரியம்மா: எடைமெஷினுக்குள் தண்ணீர் போய்விட்டது. எதை வைத்தாலும் சைபர் காட்டுகிறது.

ராஜு சித்தப்பா: தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அண்ணி. எனக்கு வேண்டும்.