வெட்டினால் நடுவில் பொந்து: உருளைக்கிழங்கில் உரமும் இடைவெளியும்

மண்வாசனை:
செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டேன், யூரியாவையும் தாராளமாகவே போட்டேன். செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். தோண்டியதில் ஆகப் பெரிய கிழங்கை அங்கேயே வெட்டினேன். பாதிவரை அழுத்தமாக இறங்கிய கத்தி, பிறகு சட்டென்று வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் நட்சத்திரம்போலப் பிளந்த பொந்து, ஓரமெல்லாம் பழுப்பு. புழு இல்லை, அழுகல் இல்லை, நாற்றமும் இல்லை. இன்னும் மனம் ஆறவில்லை.

பாத்திக்காரன்:
யூரியாவின்மேல் மட்டும் பழி போடாதீர்கள். அவ்வளவு இடம் விட்டால் கிழங்குக்குப் போட்டியே இல்லை. மளமளவென்று பருத்து நடுவில் கிழிந்துவிடுகிறது. நான் 15 செ.மீ. இடைவெளியில் நட்டவன். மொத்த எடை கூடியது உண்மை. ஆனால் பாதிக்கு மேல் எலுமிச்சை அளவு. பாரின் (கிழங்கு நட்ட மண்மேட்டின்) ஓரத்தில் மண் போதாமல் வெயில் பட்டவை பச்சைபிடித்து நின்றன. நச்சு ஏறியதை யாருக்குக் கொடுப்பது? ஒரு கூடை முழுவதையும் குழியில் கொட்டினேன்.

கிழங்கன்பன்:
எனக்கு வினையானது, வளர்ந்த செடிக்குக் காலம் தவறி மேலுரமாகப் போட்ட யூரியா. அறுவடை நாள் வந்தும் கொடி பச்சையாகவே இருந்தது. பொறுக்காமல் தோண்டினேன், கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிந்து வந்தது. வேகவைத்தால் சொதசொதவென்று நீர். மாவே இல்லை.

வரப்போரம்:
கிழங்கன்பன் சொன்னது எனக்கும் ஒரு பருவம் நடந்தது. ஆனால் யூரியா தரும் தழைச்சத்தே (நைட்ரஜன்) கூடாது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அது கிழங்கின் புரதத்தைக் கூட்டுகிறது; அளவு மீறும்போதுதான் மாவுச்சத்து குறைந்து நைட்ரேட் ஏறுகிறது. அதனால் பிரித்துப் போடுங்கள், செடியடியில் மண் அணைக்கும் நாளோடு நிறுத்திவிடுங்கள். சாம்பல்சத்தை (பொட்டாசியம்) மறக்காதீர்கள், அது குறைந்தால் லேசாக அடிபட்ட இடமும் உள்ளே கறுக்கும். அதையும் குளோரைடாக அள்ளிப் போட்டால் கிழங்கில் நீர்தான் மிஞ்சும், சல்பேட் நல்லது. சுண்ணாம்புச்சத்து கிழங்கு உருவாகும் மண்ணிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் ஆழத்து வேர் உறிஞ்சுவது பெரும்பாலும் இலைக்கே போய்விடுகிறது. சந்தேகம் இருந்தால் கிழங்குகளை உப்புக் கரைசலில் போட்டுப் பாருங்கள்: மாவு நிறைந்தவை அடியில் தங்கும், நீர்த்தவை மிதக்கும்.

மண்வாசனை:
மிச்சமிருந்ததில் பத்தைக் கரைசலில் போட்டேன். ஆறு மிதந்தன. மிதந்தவற்றில் பெரிய மூன்றை வெட்டினேன், மூன்றிலும் அதே பொந்து. இந்த முறை 25 செ.மீ. இடைவெளிக்குக் கயிறு கட்டிவிட்டேன்.