எந்த 26?

குழு: தெற்குத் தெரு வீடு

சனிக்கிழமை

கார்த்தி, காலை 7:40
சித்தப்பா, எழுந்தாச்சா? கவின் சைக்கிளுக்குப் பின் டயர் ஆன்லைனில் வாங்கினேன். மாட்டினால் தொளதொளவென்று கிடக்கிறது. ஒரு பக்கத்தை ரிம்முக்குள் தள்ளினால் மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறது. அப்பா சட்டையைப் பிள்ளை போட்ட மாதிரி இருக்கிறது.

கார்த்தி, 7:41
காற்று அடித்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து அடித்தேன்.

மீனா, 7:43
அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அக்கா, குக்கர் வெடித்துவிட்டதா என்று ஓடி வந்தார்.

சித்தப்பா, 7:50
ட்யூப் போச்சா?

கார்த்தி, 7:50
போச்சு. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது.

சித்தப்பா, 7:52
கையில் காலில் படவில்லை அல்லவா? சரி. என்ன அளவு பார்த்து வாங்கினாய்?

கார்த்தி, 7:52
26 தான். பழையதிலும் 26, புதியதிலும் 26.

சித்தப்பா, 7:53
எந்த 26?

கார்த்தி, 7:53
அதில் வேறு வகை இருக்கிறதா?

சித்தப்பா, 7:56
இரண்டு டயரின் பக்கவாட்டையும் படம் எடுத்து அனுப்பு. கறுப்பில் கறுப்பாக அச்சு இருக்கும், நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது. பழையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடி.

கார்த்தி, 8:10
[2 படங்கள்]

சித்தப்பா, 8:19
கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பழையதில் 26 x 1.95. அதன் பக்கத்திலேயே சின்னதாக 50-559. புதியதில் 26 x 1 3/8, பக்கத்தில் 37-590. இப்போது புரிகிறதா?

கார்த்தி, 8:19
இல்லை.

சித்தப்பா, 8:31
முன்னால் இருப்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பின்னால் இருப்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம். உன் ரிம் 559. வந்த டயர் 590. 31 மில்லிமீட்டர் பெரியது, பிறகு எப்படிப் பிடிக்கும்? 26 என்பது காற்றடித்த டயரின் வெளி விட்டத்தைச் சுமாராகச் சொல்வது. 559-உடன் மேலும் கீழும் 50 கூட்டு. 590-உடன் 37, 37 கூட்டு. இரண்டும் 26 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். வெளியே ஒரே அளவு, உள்ளே வேறு வேறு.

கவின், 8:34
659. 664. ஆமாம் தாத்தா, 25.4-ஆல் வகுத்தால் 25.9, 26.1.

சித்தப்பா, 8:35
சபாஷ். பின்னத்தில் எழுதிய 26-க்கும் புள்ளி வைத்து எழுதிய 26-க்கும் சம்பந்தமே கிடையாது. அப்பாவுக்குச் சொல்லிக் கொடு.

சித்தப்பா, 8:38
இதைவிட வேடிக்கை ஒன்று. நாங்கள் கடையில் வாடகைக்கு விட்ட பெரிய சைக்கிள் 28, அதன் ரிம் 635. இப்போது மலை சைக்கிள் என்று 29 விற்கிறார்களே, அது 622. பெயரில் 29 பெரிது, ரிம்மில் 28 பெரிது.

செல்வி அத்தை, 8:44
ராசு, உன் கடையில் இதெல்லாம் கேட்டா விற்றாய்? பழைய டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள், நீ மேலே தொங்குவதில் ஒன்றை இறக்கி அதன் மேல் வைத்துப் பார்ப்பாய்.

சித்தப்பா, 8:46
அதேதான் அக்கா. பழைய சாமானைக் கையில் கொண்டுவராதவனுக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. லூதியானாவிலிருந்து சைக்கிள் சாமான் பார்சல் வந்து சேருவதற்கே நாளாகும், மாற்றிக் கொடுக்க யாரால் முடியும்?

கார்த்தி, 9:05
திருப்பி அனுப்பலாம் என்று ஆன்லைன் கடையின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். முதலில் ஒரு ரோபோ வந்தது. அப்புறம் ஆள் வந்தார். அவர் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்:

"அளவு 26 என்று நீங்களே தேர்வு செய்துள்ளீர்கள். அதே அளவுதான் அனுப்பப்பட்டுள்ளது. படத்தில் டயர் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது. எனவே திரும்பப் பெற இயலாது. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

மீனா, 9:06
அந்தக் கடைசி வரிதான் கோபத்தைக் கிளப்புகிறது.

நித்யா, 9:20
அண்ணா, இப்போதுதான் படித்தேன். சண்டை போட வேண்டாம். அந்த டயரின் விற்பனைப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறார்கள்? இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு மாற்றிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

கார்த்தி, 9:27
[படம்] "26 இன்ச் கியர் சைக்கிள்களுக்கும் சாதாரண சைக்கிள்களுக்கும் பொருந்தும்" என்று இருக்கிறது. 590 எங்கேயும் இல்லை.

நித்யா, 9:29
இது போதும். மின்வணிகத்துக்கு 2020-இல் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் யார், எப்படித் தொடர்பு கொள்வது என்பதைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். சாட்டில் பேசியதை விட்டுவிடுங்கள், அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

கார்த்தி, 9:30
நீயே எழுதிக் கொடுத்துவிடேன்.

நித்யா, 9:30
டயர் விஷயத்தை அப்பா சொல்லட்டும், மீதியை நான் எழுதுகிறேன்.

சித்தப்பா, 9:38
எழுதிக்கொள்: வண்டியின் ரிம் 559. அனுப்பிய டயர் 590. கியர் சைக்கிளுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்த டயர் இந்த ரிம்மில் நிற்கவே நிற்காது. ஓட்டவே முடியாத டயரைப் பயன்படுத்தியது எப்படி?

நித்யா, 9:39
அந்தக் கடைசி வரியை நான் தொடவே போவதில்லை அப்பா.

நித்யா, 9:52
எழுதியாச்சு, அனுப்பியிருக்கிறேன். ஆர்டர் எண், தேதி, 4 படங்கள், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கிழிந்த ட்யூபுக்குப் பணம் கேட்க வேண்டாம், அது நம் கைவரிசை.

மீனா, 9:53
நம் இல்லை நித்யா. உன் அண்ணன் கைவரிசை.

ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பா, காலை 10:02
கார்த்தி, சக்கரம் இன்னும் வெளியேதானே இருக்கிறது? செயினையும் அளந்துவிடு. இஞ்ச் டேப் எடு, இரும்பு டேப். மீனாவின் தையல் டேப் வேண்டாம், அது இழுத்தால் நீளும்.

கார்த்தி, 10:04
சரி. எங்கிருந்து எங்கே?

சித்தப்பா, 10:09
டேப்பின் முனைக் கொக்கி ஆடும், அதை நம்பாதே. 1 அங்குலக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வை. அதிலிருந்து 24-ஆவது பின்னை எண்ணு. புதுச் செயினில் அது சரியாக 13-இல் நிற்கும். ஒரு கண்ணி அரை அங்குலம், 24 கண்ணிக்கு 12 அங்குலம். 13-ஐத் தாண்டி எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்.

கவின், 10:21
நான் எண்ணினேன் தாத்தா. 13-க்கு அப்புறம் இரண்டு குட்டிக் கோடு.

சித்தப்பா, 10:22
அந்த டேப்பில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கோடு?

கவின், 10:23
16.

சித்தப்பா, 10:26
அப்படியானால் அரைக்கால் அங்குலம், எட்டில் ஒன்று. வீசம், அதாவது ஒரு கோடு, தாண்டும்போதே மாற்றியிருந்தால் செயினோடு போயிருக்கும். அரைக்காலுக்கு வந்துவிட்டது, பின்னால் இருக்கிற பல்லையும் தின்றிருக்கும். புதுச் செயினைப் பழைய பல்லில் போட்டால் மேட்டில் மிதிக்கும்போது தடக் தடக்கென்று வழுக்கும்.

கார்த்தி, 10:28
ஆமாம், மேம்பாலத்தில் வழுக்குகிறது என்று இவன் ஒரு மாதமாகச் சொல்கிறான். இரும்புச் செயின் எப்படி நீளும்?

சித்தப்பா, 10:33
இரும்பு நீளாது. பின்னும் அது நுழைகிற துளையும் தேயும். ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடம் விடும், 24 சேர்ந்தால் அரைக்கால். மண் ஒட்டிய செயினுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் தேயும். துடைத்துவிட்டு ஊற்று, ஊற்றியதும் திரும்பத் துடை. உன் வீட்டில் இரண்டு துடைப்பும் நடக்காது என்று தெரியும்.

நித்யா, 10:34
அண்ணா, மறுபடி ஆன்லைனில் போய் "7 கியர்" என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள் 😄

சித்தப்பா, 10:41
அவள் சொல்வது சரி. கவின், சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பல் அடுக்கைப் பின்னோக்கிச் சுற்று. நடுவில் அச்சைச் சுற்றி, சாவி நுழைகிற வளையம் தெரியும். பல்லோடு அதுவும் சுற்றுகிறதா, சும்மா நிற்கிறதா?

கவின், 10:47
சும்மா நிற்கிறது.

சித்தப்பா, 10:50
அப்போது உன் பல் அடுக்கு மரையில் திருகுகிற வகை, ஃப்ரீவீல். சேர்ந்து சுற்றியிருந்தால் செருகி மாட்டுகிற வகை, கேசட். ஒன்றுக்கு இன்னொன்று மாட்டாது, கழற்றுகிற சாவியும் வேறு. சின்னதிலும் பெரியதிலும் எத்தனை பல்?

கவின், 10:55
14, 28. இரண்டு முறை எண்ணினேன்.

சித்தப்பா, 10:58
கார்த்தி, இதை அப்படியே கடைக்காரருக்கு அனுப்பு: 7 ஸ்பீடு திருகு ஃப்ரீவீல், 14-28. செயின் 6, 7, 8 ஸ்பீடுக்கு உரியது. டயர் 50-559. ட்யூபும் அதே அளவு, கார் வால்வு. கழற்றுவதை மட்டும் கடையில் செய்யச் சொல். வருஷக்கணக்கில் மிதித்து இறுகிப்போன மரை, நீ ஸ்பேனரில் ஏறி நின்றாலும் வராது.

செல்வி அத்தை, 11:15
எங்கள் காலத்தில் கியரும் இல்லை, கேசட்டும் இல்லை. 1992-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் எல்லாம் சைக்கிள் கற்றுக்கொண்டபோது கடையில் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கினோம். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதுவே பிறகு பிடித்துப்போனது. நித்யாவைக்கூட அதில் வைத்து ஓட்டியிருக்கிறேன்.

நித்யா, 11:16
கம்பி குத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது அத்தை.

திங்கட்கிழமை

கார்த்தி, மாலை 6:18
குறைதீர் அலுவலரிடமிருந்து பதில் வந்துவிட்டது. புதன்கிழமை வந்து டயரை எடுத்துக்கொள்கிறார்களாம், பணம் முழுக்கத் திரும்பும். விற்பனைப் பக்கத்தில் இப்போது 37-590 சேர்த்திருக்கிறார்கள். "கியர் சைக்கிள்களுக்கும்" என்பது காணவில்லை.

நித்யா, 6:20
ஸ்கிரீன்ஷாட் 😌

மீனா, 6:24
மற்ற சாமானை நம் மார்க்கெட் கடையிலேயே வாங்கியாச்சு. கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வீட்டில் மெக்கானிக் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

செல்வி அத்தை, 6:40
கார்த்தி கண்ணு, அப்படியே என் சைக்கிளுக்கும் ஒரு டயர் கேட்டுப் பார். வெடித்து நூல் தெரிகிறது. எண்ணைப் படம் எடுத்திருக்கிறேன்.

செல்வி அத்தை, 6:41
[படம்]

கவின், 6:42
பாட்டி, இது உங்கள் கட்டைவிரல்.

சித்தப்பா, 6:45
படம் வேண்டாம் அக்கா. அது 28 x 1 1/2, 635. அந்தச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்ததே நான்தான். கார்த்தி, ட்யூப் வாங்கும்போது வால்வைப் பார்த்து வாங்கு. அவள் சைக்கிளில் இருப்பது கார் வால்வு இல்லை, ரப்பர் குழாய் போடுகிற பழைய வால்வு.

செல்வி அத்தை, 6:47
அந்த ரப்பர் குழாயையும் இரண்டு முழம் சேர்த்து வாங்கிவிடு.