புதுப்பிப்பு: அக்கா மகனும் பிரெஞ்சு அந்நியப் படையும்

வெளிநாட்டவர் சேரக்கூடிய பிரான்ஸ் இராணுவப் பிரிவான பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்த்துவிட்டால் உடனே பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும் என்று சொல்லி, இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் ஒரு முகவர் என் அக்கா மகனிடம் பணம் கேட்டதைச் சென்ற மாதம் இங்கு எழுதியிருந்தேன். பலர் கேட்டதால், விசாரித்து அறிந்ததைப் பதிவிடுகிறேன்.

அப்படையில் சேர்வதற்குக் கட்டணமே கிடையாது. விண்ணப்பிப்பவர் தம் செலவில், தாமே விசா பெற்று, பிரான்சிலுள்ள ஆட்சேர்ப்பு நிலையத்துக்கு நேரில் செல்ல வேண்டும் என்பதால், இங்கிருந்தபடி ‘சேர்த்துவிடும்’ முகவருக்கு அங்கே வேலையே இல்லை. முதல் ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கானது. 3 ஆண்டுகள் நன்னடத்தையுடன் பணியாற்றிய பின்னரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அதுவும் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. போரில் காயமுற்றவர் கோரினால் முன்னதாகவே குடியுரிமை வழங்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. இதைக் கேட்டதும் அக்கா பேச்சற்றுப் போனார்.

இந்திய வம்சாவளித் தமிழர் என்பதால் 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே இலங்கைப் பிரசையான பாட்டி, ‘இன்னொரு நாட்டுக் காகிதத்துக்கு இரத்தமுமா கொடுக்க வேண்டும்?’ என்று மட்டும் கேட்டார். அக்கா மகன் இன்னும் மனம் மாறவில்லை. ஆனால் முகவரிடம் பணம் கொடுக்கவில்லை.