பக்கவாதத்திற்குப் பிந்தைய பயிற்சியில் ரோபோ துணை உதவுமா?

கேள்வி:
பக்கவாதத்தால் என் தந்தையின் வலக்கை தளர்ந்துள்ளது. இயன்முறை மருத்துவர் வராத நாட்களில் அவர் பயிற்சியைத் தவிர்த்துவிடுகிறார். ஊக்கமளிக்கும் ரோபோவோ, திரையில் தோன்றும் மெய்நிகர் பயிற்சியாளரோ இதற்கு உதவுமா?

மறுமொழி 1 (இயன்முறை மருத்துவர்):
உதவும், ஆனால் ஓர் எல்லைக்குள். மூளை புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ள ஒரே அசைவைப் பலமுறை செய்ய வேண்டியிருப்பதால், சலிப்பே இங்கு முதல் எதிரி. நோயாளியைத் தொடாமல் பேச்சாலும் சைகையாலும் மட்டுமே ஊக்குவிக்கும் ரோபோக்களைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாயா மட்டாரிச்சின் குழு இதற்காகவே ஆராய்ந்து வருகிறது. கவலைக்குரியது வேறொன்று: கையை உயர்த்த முடியாதவர் தோளைத் தூக்கியோ உடலைச் சாய்த்தோ ஈடுகட்டும்போது, கருவியின் கேமரா அதைச் சரியான அசைவாகவே கணக்கிட்டுவிடக்கூடும். ஆகவே பயிற்சியின் அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.

மறுமொழி 2:
என் தாயார் திரைப் பயிற்சியாளரைப் பயன்படுத்துகிறார். ஒரே பாராட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு முதலில் சலித்துக்கொண்டார். பயிற்சியின் கடின நிலைகளை அவருடைய திறனுக்கேற்ப மாற்றிய பின்னரே ஆர்வம் பிறந்தது. பக்கவாதம் பேச்சையும் பாதித்திருந்தால், குரல் கட்டளையை நம்பும் கருவி வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தந்தையின் பேச்சு தெளிவாகவே உள்ளது. தோள் அசைவைக் கவனிக்க முதல் சில வாரங்கள் நானே அருகில் இருப்பேன்.