டெல்டா ஃபோர்ஸ் (1986): எதுவரை நிஜம், எங்கிருந்து சினிமா? சப்டைட்டில் சிக்கலும் இருக்கு

நோர்வூட் வாசகன்

வணக்கம். தோட்டத்து வாசிகசாலையில் அடுத்த மாதம் 'டெல்டா ஃபோர்ஸ்' (அமெரிக்கக் கொமாண்டோப் படையைப் பற்றிய படம்) போடப் போகிறோம். சக் நோரிஸ், லீ மார்வின் நடித்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஏ.எல். படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய அண்ணன்மாரும். படம் முடிந்ததும் அரை மணித்தியாலம் பேச வேண்டும்.

உண்மையில் நடந்த விமானக் கடத்தலை வைத்து எடுத்தது என்கிறார்கள். எந்த இடம் வரைக்கும் நிஜம்? எங்கே நிறுத்தி விளக்கலாம்?

மற்றது, படம் பழைய டி.வி.டி.யிலிருந்து எடுத்த கொப்பி. தமிழ் சப்டைட்டிலில் முதல் வசனம் சரியாக விழுகிறது, அரை மணித்தியாலம் போனால் ஒரு நிமிடத்துக்கும் மேல் பிந்துகிறது. டி.வி.யில் பென் ட்ரைவ் குத்தினால் 'கொ', 'போ' எல்லாம் உடைந்து கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. என்ன செய்யலாம்?

ஊவாப் பனி

தம்பி, முதல் பாதியை அந்த வருடத்துப் பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். பின்பாதி முழுக்க ஆசை.

நிஜம் இதுதான். 1985 ஜூன் 14, ஏதென்ஸிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய அமெரிக்கப் பயணிகள் விமானம், டி.டபிள்யூ.ஏ. 847. கைத்துப்பாக்கியும் கைக்குண்டும் வைத்திருந்த இரண்டு பேர் கடத்தினார்கள். மூன்றாவது ஆளுக்கு சீட் கிடைக்காமல் ஏதென்ஸிலேயே பிடிபட்டான். பிறகு கிரேக்கப் பயணிகளை விடுவதற்குப் பதிலாக அவனையும் விட வேண்டி வந்தது. விமானம் பெய்ரூட், அல்ஜியர்ஸ், திரும்பப் பெய்ரூட், திரும்ப அல்ஜியர்ஸ், கடைசியில் மறுபடி பெய்ரூட் என்று அலைந்தது. இரண்டாம் தடவை பெய்ரூட்டில் இறங்கியபோது ரொபர்ட் ஸ்டெத்தம் என்ற அமெரிக்கக் கடற்படைச் சுழியோடியைச் சுட்டு ஓடுதளத்தில் போட்டார்கள். அங்கேயே இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆயுததாரிகள் ஏறிக்கொண்டார்கள். யூதப் பெயர் மாதிரித் தோன்றிய சில பயணிகளை இறக்கிக்கொண்டு போனார்கள்.

படத்தில் இவ்வளவும் இருக்கிறது, பெயரும் இடமும்தான் மாறியிருக்கும். விமானம் ஏ.டி.டபிள்யூ. 282. சுழியோடி சாவது அல்ஜியர்ஸில், அதுவும் கொமாண்டோக்கள் நெருங்கியது வெளிப்பட்டதற்குப் பழிவாங்க. நிறுத்த வேண்டிய முதல் இடம் அதுதான். நிஜத்தில் கொமாண்டோ யாரும் அந்த விமானத்தை நெருங்கவே இல்லை. ஒரே இடத்தில் நிற்காத விமானத்தை எங்கே போய்த் தாக்குவது?

ஹன்னா ஷிகுல்லா நடித்த பணிப்பெண் பாத்திரத்துக்கு மூலம் ஊலி டெரிக்சன். ஜெர்மனியில் வளர்ந்தவர், கடத்தியவனோடு ஜெர்மன் மொழியில் பேசிப் பேசியே பலரைக் காப்பாற்றியவர். அல்ஜியர்ஸில் காசு தராமல் எரிபொருள் அடிக்க மாட்டோம் என்றபோது தன் ஷெல் எண்ணெய்க் கம்பனிக் கிரெடிட் கார்ட்டை நீட்டினார். இது ஏன் படத்தில் வரவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாகப் பிடித்துக்கொள்ளும்.

முடிவு: மிஞ்சிய 39 பணயக்கைதிகளும் ஜூன் 30ஆம் திகதி டமாஸ்கஸ் வழியாக விடுதலை. எல்லாம் பேச்சுவார்த்தையில். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் இஸ்ரேல் தான் பிடித்து வைத்திருந்த, கடத்தியவர்கள் விடச்சொல்லிக் கேட்ட லெபனான் கைதிகள் எழுநூறு பேருக்கு மேல் விட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியே விட்டது. மோட்டார் சைக்கிளிலிருந்து ரொக்கெட் பறப்பது எல்லாம் இயக்குநர் மெனஹெம் கோலான் சொந்தமாகச் சேர்த்தது.

கொட்டகலை 727

அண்ணன் சொன்னதோடு ஒன்று. கடத்தப்பட்டது போயிங் 727, படத்தில் பறப்பது 707. 707க்கு இறக்கைகளின் கீழே நான்கு இயந்திரம். 727க்கு மூன்று, மூன்றும் வாலடியில். போதாததற்கு வாலுக்குக் கீழே தானே இறங்கும் படிக்கட்டு. தாக்கப் போகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. எத்தனை கதவு, எந்த உயரம், எது வெளியிலிருந்து திறக்கும் என்பதை வைத்துத்தான் ஏணியின் நீளமே முடிவாகும்.

நிஜ மீட்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் சோமாலியாவின் மொகடிஷுவைச் சொல்லுங்கள். 1977 ஒக்டோபர் 18, கடத்தப்பட்ட லுஃப்தான்சா 737, மீட்டது ஜெர்மன் பொலிஸின் கொமாண்டோப் பிரிவு ஜி.எஸ்.ஜி. 9. வால் பக்கமாக வந்தார்கள், ஏனென்றால் ஜன்னலிலிருந்தும் விமானி அறையிலிருந்தும் பார்த்தால் நேர் பின்னால் தெரியாது. கறுப்புப் பூசிய ஏணிகள். விமானத்துக்கு முன்னால் தூரத்தில் நெருப்பு மூட்டினார்கள். கடத்தியவர்கள் அதைப் பார்க்க விமானி அறைக்குப் போன நேரத்தில் கதவுகளையும் இறக்கைக்கு மேலுள்ள வழிகளையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். 'தலையைக் குனியுங்கள்' என்று ஜெர்மனில் கத்தியதால் பயணிகள் குனிந்தார்கள், நின்றவன் மட்டும் குறியானான். ஏழு நிமிடம். 86 பேரும் உயிரோடு வந்தார்கள்.

பிசகிப்போன மீட்பையும் சொல்ல வேண்டும். 1985 நவம்பர், மோல்டாவில் கடத்தப்பட்டு நின்ற எகிப்து விமானம். எகிப்திய கொமாண்டோக்கள் வெடிவைத்து உள்ளே நுழையப் பார்த்தார்கள். வெடி தேவைக்கு மேல் போய்த் தீப்பிடித்து, மூடிய குழாய்க்குள் புகை அடைத்தது. அறுபது பேரளவில் செத்தார்கள், பலர் மூச்சுத் திணறி. டெல்டா ஃபோர்ஸ் தியேட்டருக்கு வந்தது இதற்கு மூன்று மாதத்துக்குள், 1986 பெப்ரவரியில்.

ஆரம்பக் காட்சியைத் தள்ளிவிட்டுப் போடாதீர்கள். 1980 ஏப்ரலில், ஈரானில் இருந்த அமெரிக்கப் பணயக்கைதிகளை மீட்கப் போன டெல்டா ஃபோர்ஸ், பாலைவனத்தில் எரியும் ஹெலிகொப்டர், அது நிஜம். எட்டு ஹெலிகொப்டர் கிளம்பியது, வேலைக்கு ஆகக் குறைந்தது ஆறு தேவை. இரண்டு வழியிலேயே கழன்றுபோனது. ஒன்றில் பழுது, ஒன்று புழுதிப் புயலில் திரும்பியது. இறங்கிய இடத்தில் மூன்றாவதின் ஹைட்ரோலிக் போனது. மிச்சம் ஐந்து, திட்டம் ரத்து. திரும்பும்போது ஒரு ஹெலிகொப்டர் தரையில் நின்ற சி-130 விமானத்தின் மேல் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். பின்பாதி ஏன் அவ்வளவு ஆவேசமாக ஜெயிக்கிறது என்பதற்குக் காரணம் இந்த முதல் சில நிமிடத்தில் இருக்கு.

டிக்கோயா ஒப்பரேட்டர்

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கட்டாயம் பிள்ளைகள் கேட்பார்கள். குழாயிலிருந்து ரொக்கெட் பாய்ந்தால் சூடான வாயு பின்பக்கமாகச் சீறும். முன்னால் பொருத்திய குழாய்க்குப் பின்னால் இருப்பது ஓட்டுபவரின் முழங்கால். அதோடு, குலுங்கும் வண்டியிலிருந்து போகும் ரொக்கெட் எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். மணலில் ஓடும் அந்தக் கூண்டு வண்டிகள் மட்டும் கற்பனை இல்லை. எண்பதுகளில் அமெரிக்க இராணுவமே அப்படி வண்டி வைத்திருந்தது.

இனி சப்டைட்டில். உங்கள் படம் பால் (PAL) முறை டி.வி.டி., விநாடிக்கு 25 ஃபிரேம். சப்டைட்டில் 23.976க்குச் செய்தது. படம் நூற்றுக்கு நாலு சொச்சம் வேகமாக ஓடுவதால் எழுத்து பின்னால் விழுகிறது. அரை மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் 17 விநாடி. நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் பொத்தானை அழுத்தி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது முழு எழுத்தையும் ஒரே அளவு நகர்த்தும், ஐந்து நிமிடத்தில் மறுபடி விலகும். 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் திறந்து ஃபிரேம் ரேட்டை 23.976இலிருந்து 25க்கு மாற்றுங்கள். மாறிக் கொடுத்தால் பிந்தல் இரட்டிப்பாகும், கவனம்.

கொம்பு உடைவது டி.வி.யின் குறை. அதற்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து வரையத் தெரியாது, எந்த ஃபொன்ட் போட்டாலும் அப்படித்தான். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'பர்ன் இன்' கொடுத்து எழுத்தைப் படத்தோடே பதித்துவிடுங்கள். பதிப்பதற்கு முன் சப்டைட்டில் கோப்பு யு.டி.எஃப்-8 (யுனிகோடு) முறையில் சேமித்திருக்க வேண்டும். யாராவது பாமினி என்ற பழைய ஃபொன்டில் தட்டிய வரி நடுவில் இருந்தால் அது மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும்; யுனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பதியுங்கள்.

நோர்வூட் வாசகன்

மூன்று பேருக்கும் நன்றி அண்ணே. நம்ம நாட்டுச் சம்பவம் ஏதாவது சேர்க்கலாமா?

ஊவாப் பனி

இருக்கே. 1982 ஜூன் 30, அலிட்டாலியா ஜம்போவைக் கடத்தியது நம்ம சேபால ஏக்கநாயக்க. பாங்கொக்கில் நிறுத்தி மனைவியையும் மகனையும் மூன்று இலட்சம் டொலரையும் கேட்டார், கிடைத்தது. கொமாண்டோவும் இல்லை, சாவும் இல்லை. காசோடு இலங்கைக்கு வந்தபோது அவரைப் பிடிக்க இங்கே தக்க சட்டமே இல்லை. அந்த வருடமே அவசரமாக இயற்றி, நடந்து முடிந்ததற்கும் செல்லும்படி செய்தார்கள். ஆனால் இதைப் படத்துக்குப் பிறகு வையுங்கள். முன்னால் சொன்னால் பிள்ளைகள் சேபாலவைப் பற்றியே பேசுவார்கள்.

டிக்கோயா ஒப்பரேட்டர்

பதித்த கொப்பியை முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டாம். முதல் வசனம், நடுவில் ஒன்று, கடைசி வசனம். மூன்றும் ஒத்திருந்தால் போதும். அரங்கில் போடப்போகும் அதே டி.வி.யில் பாருங்கள், லெப்டொப்பில் அல்ல.